கம்பியூட்டருக்குக் கோபம் வராது

சென்ற வாரம் எங்கள் வீட்டில் ஒரு யுத்தம் நின்றுபோயிருந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள்... ஒரு தரப்பு ஆட மறுத்துவிட்டது!

எங்கள் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அடிக்கடி வந்து திட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்தான். பகலில் கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மாலையில் மஹய்யாவ வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்ததும் அவர் சக்கரவர்த்தி. லெப்டொப்பில் நகரம் கட்டுவார், படை திரட்டுவார்.

சண்டை விளையாட்டு என்றதும் டுமீல் டுமீல் என்று கற்பனை செய்ய வேண்டாம். இது தாயம் மாதிரி முறை வைத்து ஆடுவது. மூன்று தரப்பு. இவர் ஒன்று. அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நஸார் நானா இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். மூன்றாவது கம்பியூட்டர். இவர் ஆடி முடித்துப் பொத்தானை அழுத்தினால்தான் கம்பியூட்டர் ஆடும். அது முடித்ததும் நஸார் நானாவின் போனுக்கு ‘உங்கள் முறை’ என்று தகவல் போகும். கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிற இடைவெளியில் அவர் ஆடுவார்.

மூன்று பேரில் எனக்குப் பிடித்தது கம்பியூட்டரைத்தான். தன் முறை வரும்வரை வாயே திறக்காது. வந்ததும் குதிரைவீரன், வில்லாளி, படகு என்று வரிசையாக நகர்த்தும். கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நாம் எவ்வளவு நேரம் எடுத்தாலும் ‘இன்னுமா?’ என்று கேட்காது. இவர் அதன் கோட்டையை இடித்தார்... அடுத்த முறையே சமாதானத் தூது அனுப்பியது! நான் அசந்துபோனேன்.

“அதுக்கு வெக்கமே இல்லையாங்க?”

“வெக்கம் எதுக்கு? ஒவ்வொரு தடவையும் அது பலகையைப் புதுசாத்தான் பார்க்கும். இப்ப யாரு பலமா இருக்கா, எது லாபம்... அம்புட்டுத்தான். நேத்து யாரு அடிச்சான்னு அது யோசிக்கிறதில்ல.”

எவ்வளவு நல்ல குணம்! இதைச் சொன்னவருக்கு அதில் கால்வாசி இருந்திருக்கலாம்.

விஷயம் இதுதான். இவரும் நஸார் நானாவும் கூட்டணி. நஸார் நானாவின் துறைமுகத்துக்கு இவருடைய படைதான் காவல். இவர் என்ன செய்தார்? பக்கத்தில் ஒரு தங்கச் சுரங்கம் கண்ணில் பட்டதும் படையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்து கம்பியூட்டரின் முறை. காவல் இல்லாத துறைமுகத்தை விடுமா? விழுங்கிவிட்டது.

உடனே போன் வந்தது. “கம்பியூட்டர் அடிச்சா பரவாயில்ல மச்சான். நீ உட்டுட்டுப் போனியே, அதத்தான் தாங்க ஏலாம இரிக்கி.” இவரும் சும்மா இருக்கவில்லை. “வெளையாட்டுக்குப் போயி அழுவுறியேடா!” அன்று தன் முறை வந்ததும் கோபத்தோடு படைகளை நகர்த்திவிட்டு லெப்டொப்பை டப்பென்று மூடினார்.

அதன்பிறகு ‘உங்கள் முறை’ என்ற தகவல் இவருக்கு வரவே இல்லை. போனைப் பார்ப்பார், முகம் சுருங்கும். “ஆட மாட்டானாம்! வீம்பு!” லெப்டொப்பை மட்டும் திறக்கவே மாட்டார். அவன் ஆடாமல் இவர் ஏன் திறக்க வேண்டும்?

எனக்கு விளையாட்டைப் பற்றிக் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நஸார் நானாவின் மகளுக்கு நிக்காஹ். இவர் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை. அழைப்பு வந்தது... வட்ஸ்அப்பில்! வாசல்படி மிதித்துச் சொல்லாத அழைப்பை எங்கள் பக்கத்தில் யார் அழைப்பு என்று சொல்வார்கள்?

“நான் போக மாட்டேன். வீடு தேடி வந்து சொல்லட்டும்” என்றார். அந்தப் பிள்ளை மணப்பெண்ணாக இருப்பதைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்பதுதான் என் கவலை.

வெள்ளிக்கிழமை மாலை, அந்த வாரப் பத்தியை எழுத லெப்டொப்பைத் திறந்தேன். விளையாட்டு மூடப்படாமல் அப்படியே கிடந்தது. மூலையில், கடலில், ஒரு சின்னப் படகு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. கீழே ‘உத்தரவுக்குக் காத்திருக்கிறது’ என்று எழுதியிருந்தது.

“ஏங்க, இந்தப் படகு யாரோடது?”

வந்து குனிந்து பார்த்தவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “ஐயய்யோ... இது என்னோட முறையா?”

ஆமாம். கோபத்தில் ஒரு படகை மறந்துவிட்டார். கடைசிப் பொத்தானை அழுத்தவே இல்லை. இவ்வளவு நாளும் கம்பியூட்டர் இவருக்காகத்தான் கைகட்டிக் காத்திருந்தது. அங்கே அக்குறணையில் நஸார் நானாவும்!

படகை நகர்த்தினார். அழுத்தினார். கம்பியூட்டர் ஒரு நொடியில் ஆடி முடித்தது. தேநீர் ஆறுவதற்குள் போன் அடித்தது.

“டேய் மச்சான்! நீ கோவத்துல ஆட்டத்தையே நிப்பாட்டிட்டாய்னு செல்லி நெனச்சேன்டா. ஊட்டுக்கு வந்தா மொகங் குடுக்கமாட்டியோன்னு பயத்துலதான் கார்ட வட்ஸ்அப்ல போட்டேன்.”

“நான் நீ கோவமா இருக்கேன்னுல்ல நெனச்சேன்!” என்றார் இவர். எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன்?

மறுநாள் காலையில் நஸார் நானா மனைவியோடு வாசலில் நின்றார். கையில் அழைப்பிதழ், ஒரு தட்டில் இனிப்பான வட்டிலப்பம்.

யோசித்துப் பாருங்கள். அண்ணன் தம்பி, பக்கத்து வீடு, பழைய சிநேகிதி... ‘அவங்க முதல்ல பேசட்டும்’ என்று எத்தனை பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! நம் பக்கத்தில் ஒரு படகு மின்னுகிறதா என்று யாராவது திறந்து பார்க்கிறோமா?

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் விருந்து. ஒரே பெரிய தட்டில் புரியாணி வைத்து, சுற்றிலும் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் சஹன். ஆண்கள் பக்கம் நடந்ததை இவர்தான் வந்து சொன்னார். யார் முதலில் கை வைப்பது என்று இவர் தயங்கிக்கொண்டிருந்தாராம். நஸார் நானா பெரிய கோழித்துண்டாகப் பார்த்து இவர் பக்கம் தள்ளிவிட்டு, “தின்னுடா, இதுவும் ஒன்ட மொறதான்!” என்றாராம்.