இடக்கை ஆட்டம்

ஈப்போவில் என் மகள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. மகளுக்குப் பச்சை மை, மருமகனுக்கு நீலம். வேலை, மேற்படிப்பு, உடற்பயிற்சி, வாரக் கடைசியில் சினிமா என்று ஏழு நாளும் கட்டம் கட்டமாக நிரம்பியிருக்கும். எண்ணிப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து சும்மா இருப்பதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதிலும் ‘துணி துவைக்க’ என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டியபோது மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அப்பா, உங்க காலத்துல எஸ்டேட்ல மத்தியானத்தோட வேலை முடிஞ்சிடும்லா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலையும் பாத்து, படிச்சு, வெளையாடவும் போனதெல்லாம் யாரு?”

எனக்கு முழங்கால் வலி, கண்ணில் புரை, ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. மற்ற விஷயங்களில் விட்டுக்கொடுத்துக்கொண்டே வருகிறேன். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படி ஒரு ஜோடி இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், எங்கள் வீட்டுக்கு அடுத்த கதவில் இருந்தது. என் சித்தப்பாவும் சித்தியும்தான் அது. எங்களிடம் அட்டவணை ஒட்டக் குளிர்பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா அந்தத் தோட்டத்தில் மண்டோராக இருந்தார். அதாவது, விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பவர். சித்தப்பா அப்பாவின் தம்பி. அவரும் சித்தியும் பால்வெட்டுக்காரர்கள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மரங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லை, அந்தக் கவலையும் இல்லை என்பது என் அம்மாவின் முதல் குறை. மற்றக் குறைகளை அம்மா வாரத்துக்கு நான்கு தடவையாவது வரிசைப்படுத்துவார்.

“காலையில மரம், சாயங்காலம் பந்து, அதுக்கப்புறம் பள்ளிக்கூடம். சோறு எப்ப ஆக்குவா உன் சித்தி?”

“நான் ஆக்கிட்டேன் அண்ணி, குழம்பு வேணுமா?” என்று சித்தப்பா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார். அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பந்து என்று அம்மா சொன்னது பூப்பந்தை. வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் இடையில் கயிறு கட்டி, அதில் சாக்கைத் தொங்கவிட்டு ஆடுவார்கள். மட்டைகளைச் சித்தப்பாவே பலகையில் செதுக்கியிருந்தார். பந்து மட்டும் டவுனில் சீனர் கடையில் வாங்கியது. சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துள்ளித் துள்ளி அடிப்பார். புள்ளி எண்ணுவது நான். கவிழ்த்த பால்வாளி மேல் உட்கார்ந்து மண்ணில் குச்சியால் கோடு கிழிப்பேன். எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும் புத்தி எனக்கு அப்போதே வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் என்றது பெரியவர்களுக்கான மலாய் வகுப்பை. வாரத்தில் இரண்டு மாலை எங்கள் தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தில் ஒரு மலாய் வாத்தியார் வந்து நடத்தினார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் உதவியாள் வேலைக்குச் சேர வேண்டும் என்று சித்தி மனதில் வைத்திருந்தார். அதற்கு மலாய் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும். தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சித்தப்பா கல்யாணத்துக்கு முன்பு மலாய்க்காரர்களோடு மர லாரியில் வேலை பார்த்தவர், மலாய் சரளமாக வரும். சித்திக்கோ சொற்கள் மனதில் நிற்கவில்லை. வேலை நேரத்தில் புத்தகத்தைத் தொடவும் முடியாது. பால் பட்ட கையோடு பிடித்தால் தாளெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

அதற்குச் சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். சித்திக்கு ஒதுக்கிய மரங்கள் நானூறு. பத்து மரத்துக்கு ஒன்றாக, உளி படும் வெட்டுவாய்க்கு மேலே சுண்ணக்கட்டியால் ஒரு மலாய்ச் சொல். ஆக நாற்பது சொல். பள்ளியில் கீழே விழும் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுப்பவன் நான். சித்தி காலையில் மரத்தைச் சீவிக்கொண்டே சொல்லைப் படிப்பார். பால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டி முடிந்தபின் வாளியோடு இரண்டாம் தடவை வருவார் அல்லவா, அப்போது அதே சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்தச் சொல் அடுத்த வெட்டுக்கும் அங்கேயே இருக்கும். சரியென்றால் சித்தப்பா துடைத்துவிட்டு வேறு எழுதுவார். வேலையை ஒரு நிமிடம்கூட நிறுத்தாத படிப்பு. இதை இன்றைக்கு யாராவது செய்தால் பத்திரிகையில் படம் போடுவார்கள்.

பள்ளி விடுமுறையில் நான் அவர்களோடு போவேன், மங்கு துடைக்க. அப்படிப் போன ஒரு நாள்தான் கிராணி சைக்கிளில் வந்தார். கிராணி என்றால் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுபவர். துரைக்கு அடுத்த இடம் தனக்கு என்று நினைப்பவர். சித்தியின் மரங்களுக்கு நடுவே அவர் சைக்கிள் நின்றது. இறங்கி ஒரு மரத்தைப் பார்த்தார். வேகமாக நடந்து அடுத்த எழுத்து மரத்துக்குப் போனார். பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டு அப்பாவை நோக்கி ஓடினார்.

காட்டுக்குள் கம்யூனிஸ்ட் ஆயுதக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. சித்தி அந்த வாரம் ஆஸ்பத்திரிச் சொற்கள் படித்துக்கொண்டிருந்தார்.

“மண்டோர்! ஒங்க தீம்பார் மரங்கள்ல எவனோ காட்டுக்காரனுக்குக் கடுதாசி எழுதுறான்! ஒரு மரத்துல ‘தலை’ன்னு இருக்கு, ஒரு மரத்துல ‘ரத்தம்’னு இருக்கு, இன்னொண்ணுல ‘கை’. யாரு தலைய எடுக்கப் போறானுங்க?”

அப்பாவுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர் சொல்லுமுன் கிராணி போலீசுக்குப் போன் பண்ண ஆபீஸுக்கு ஓடிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் டவுனிலிருந்து ஒரு மலாய் போலீஸ் சார்ஜன் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். கிராணி முன்னால் போக, சார்ஜன் மரம் மரமாகப் படித்துக்கொண்டே போனார். கெப்பாலா, தலை. டாரா, இரத்தம். லூக்கா, காயம். அடுத்த எழுத்து மரத்தில் சார்ஜன் நின்றுவிட்டார். அதில் இருந்தது சாபுன், அதாவது சவுக்காரம். அதற்கடுத்து பெடாக், பவுடர்.

காட்டில் இருப்பவனுக்குப் பவுடர் எதற்கு என்று சார்ஜன் மலாயில் கேட்டார். கிராணி வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது சித்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். “சாயா பெலாஜார், துவான்” என்றார். நான் படிக்கிறேன் ஐயா. அவர் ஓர் அந்நியரிடம் பேசிய முதல் மலாய் வாக்கியம் அதுதான். சார்ஜன் அவரை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் உளி, முகத்தில் கொசுவுக்குப் பூசிய எண்ணெய், முழங்கை வரை பால். பிறகு சிரித்தார். கிராணியைப் பார்த்து ஒரு தடவை, மரத்தைப் பார்த்து ஒரு தடவை. ஜீப் கிளம்பும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

அந்தச் சிரிப்புக்கு விலை வைத்தார் கிராணி.

“தோட்டத்து மரத்துல எழுத யாரு உத்தரவு குடுத்தா? இப்பவே அத்தனையையும் அழிக்கணும். இனிமே இந்தப் படிப்பு வேலையெல்லாம் வச்சுக்க மாட்டேன்னு எங்கிட்டச் சொல்லணும். இல்லாட்டி நாளையிலேர்ந்து இந்தம்மாவுக்குப் புல்லு வேலை.”

புல் வேலை என்றால் லாலான் புல்லின் வேரை மண்வெட்டியால் கொத்தி எடுப்பது. வயதானவர்களுக்கும் பிழை செய்தவர்களுக்கும் கொடுப்பது. பால்வெட்டைவிடக் கூலி குறைவு, பொழுது அதிகம். அங்கே எழுத மரமும் இல்லை, மாலையில் வகுப்புக்குப் போகத் தெம்பும் மிஞ்சாது. தேர்வு அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துச் சித்தியிடம் நீட்டினார். “ஒரு தொடை தொடைச்சா முடிஞ்சிடும்மா. எனக்காகத் தொடைச்சிடு.”

“மழை பேஞ்சா அதுவா அழிஞ்சிடும் மாமா. நான் அழிக்க மாட்டேன்.”

“டேய், நீயாவது சொல்லேண்டா.”

சித்தப்பா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பெடாக்ல ஒரு கோடு சரியா விழலண்ணே. அதை மட்டும் திருத்திட்டு வாரேன்” என்றார்.

மறுநாள் பிரட்டுக்கு நானும் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். அப்பா பெயர் கூப்பிட்டார். சித்தி பெயரைப் புல் வேலை வரிசையில், தாளை விட்டுக் கண்ணெடுக்காமல் படித்தார். சித்தி மண்வெட்டியோடு போய்ப் பெண்களோடு நின்றார். அந்த வரிசையில் பதினோரு பெண்கள், ஆண் ஒருவர்கூட இல்லை. அடுத்துச் சித்தப்பாவின் பெயர் பால்வெட்டில் வந்தது. சித்தப்பா தன் வாளி இரண்டையும் அப்பாவின் காலடியில் வைத்தார்.

“அண்ணே, எனக்கும் புல்லு வேலை போட்டுக்குங்க.”

களம் முழுக்கச் சிரிப்பு. தோட்டத்திலேயே வேகமான பால்வெட்டுக்காரர் அவர். “மச்சான், அப்படியே ஒரு சேலையும் கட்டிக்கிட்டுப் போலா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“ஒங்க வீட்டுல நல்ல கலரா இருந்தா குடுத்தனுப்புலா, கட்டிப் பாக்குறேன்” என்றார் சித்தப்பா. வரிசை மாறிப் போய்ச் சித்திக்குப் பக்கத்தில் நின்றார். சித்தி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார், அவருக்கு இடம் விட.

நான் மனக்கணக்குப் போட்டேன். இரண்டு பேருக்கும் கூலி குறைந்தது. மரம் போனது, மானமும் போனது. கிராணி ஜெயித்துவிட்டார், சித்தப்பாவுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டினேன்.

ஆனால் கிராணிக்கும் ஒன்று தெரியாமல் போயிற்று. பால்வெட்டுக்காரர் தனித்தனியாக நிற்பவர். புல் வேலைக்காரர் ஒரே வரிசையில் தோளோடு தோள் நகர்பவர். சித்தப்பா வரிசையின் இந்தக் கோடியிலிருந்து தமிழில் ஒரு சொல்லைக் கத்துவார். அந்தக் கோடியிலிருந்து சித்தி மலாயில் பதில் கத்துவார். முதல் வாரம் நடுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் சித்திக்கு முந்திக்கொண்டு ஒரு கிழவி “சாபுன்!” என்றாள். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. பதினோரு பேரும் மண்வெட்டி விழும் தாளத்துக்குக் கையும் காலும் காயமும் மருந்துமாகக் கூவிக்கொண்டு நகர்ந்தார்கள். கிராணி சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது சித்தப்பா ‘தலை’ என்று கேட்டிருக்கிறார். மொத்த வரிசையும் அவருடைய வழுக்கையைப் பார்த்து “கெப்பாலா!” என்றது. மலாய் பேசக் கூடாது என்று எந்தத் தோட்டத்திலும் சட்டம் இல்லை. கிராணி தொப்பி வாங்கிக்கொண்டார்.

சித்தி தேறினார். ஈப்போ ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். அந்த வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் மலாய் வகுப்பில் சேர்ந்தார்கள். இதையெல்லாம் மகளிடம் சொன்னால், “அப்பா, அது சரி, அவங்க டயர்டா ஆகலையா?” என்று கேட்கிறாள்.

அதற்குத்தான் நான் அந்த முதல் வாரத்து ஆட்டத்தைச் சொல்ல வேண்டும்.

புல் வேலைக்குப் போன மூன்றாம் நாள் மாலை. இனி ஆட்டம் இருக்காது என்று எல்லாரும் நினைத்தார்கள். அம்மா மட்டும் வாய்விட்டுச் சொன்னார்: “இப்பவாவது அடங்கினாங்களே.” சொல்லி முடிக்கவில்லை, சித்தி கயிற்றையும் சாக்கையும் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

“அக்கா, பின்பக்கம் இடம் பத்தலை. இனிமே முன்னால ஆடப் போறோம்.”

வீட்டு வரிசைக்கு முன்னால் இருந்த திடலுக்கு நேர் மேலே, மேட்டில், கிராணியின் வீடு. அவர் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஒரு கூட்டமே நின்று பார்த்தது. நான் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

சித்தப்பா இடக்கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலக்கையில் துண்டைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார், திருவிழா சர்க்கஸில் கத்தி வீசுபவன் வணக்கம் சொல்லும்போது வைத்துக்கொள்வது போல. எனக்கு எரிச்சலாக இருந்தது. வலக்கையாலேயே சித்தியிடம் தோற்கிறவர், கூட்டத்தைக் கண்டதும் இடக்கையால் பவிசு காட்டுகிறாரே என்று. பந்து வந்த இடமெல்லாம் மட்டை வரவில்லை. சித்தி ஒன்பது, சித்தப்பா இரண்டு.

“சித்தப்பா, வலது கையால ஆடுங்க” என்றேன்.

“இன்னிக்கு இதுதான்லா ராசியான கை.”

“பீத்திக்கிட்டு ஆடினா ரெண்டு புள்ளி வெட்டுவேன்.”

“வெட்டிக்க” என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. நான் குச்சியால் அவருடைய இரண்டு கோடுகளையும் அழித்தேன். விதி என்றால் விதிதான்.

உளி பிடிக்கும் கையில் காய்ப்பு ஓரிடத்தில் இருக்கும், மண்வெட்டிக்கு வேறோர் இடத்தில் வேண்டும் என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்? கொப்புளம் உடைந்து துண்டில் ஊறிய ஈரத்தை வியர்வை என்றுதான் நினைத்தேன்.

அடுத்து அடிக்க வேண்டியது சித்தி. மேட்டைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் துண்டு சுற்றிய கையைப் பார்த்தார். பந்தைத் தூக்கிப் போட்டு, சாக்குக்கு மேலே அல்ல, பக்கவாட்டில், நேராகத் திடலோரக் கால்வாய்க்குள் அடித்தார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடவை அப்படியே. நான்தான் ஒவ்வொரு தடவையும் இறங்கி எடுத்து வந்தேன்; அதுவரை சித்தப்பா மட்டையைக் கீழே ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஏன் இப்படிக் கெடுக்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“சித்தி, ஒழுங்கா அடிங்க! புள்ளியெல்லாம் அவருக்குப் போவுது!”

“போவட்டும், எழுது” என்றார் சித்தி.

எழுதினேன். மிகுந்த வெறுப்போடு, சித்தப்பாவின் பக்கம் மூன்று கோடு.