நூலக மூலையில் நின்றவர்

செலஸ்ரின் அண்ணை காலமான செய்தி, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலைக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகள் ஜெனிதான் அழைத்தாள். "அன்ரி, அப்பா போயிட்டார்" என்றாள். பிறகு டேனிஷில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டாள். நான் அழுதேன். துக்கம் மட்டுமல்ல, அவர் என்னிடம் கேட்ட ஒரே வேலையை நான் செய்யாமலே விட்டிருந்தேன்.

அண்ணை பிராண்டே என்ற டேனிஷ் ஊரில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். புல்லாங்குழலில் ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாமல், பிள்ளைகள் குழலும் டிரம்மும் வாசித்தபடி ஊர்வலம் போகும் அணிநடைச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். ஜெனி பத்து வயதில் எங்கள் ஊர் அணியில் சேர்ந்தாள். என் மகளும் அங்கே டிரம் அடித்தாள். பிள்ளை வாசித்தால் பெற்றோரும் வேலை செய்ய வேண்டும் என்பது இங்கத்தைய வழக்கம். சீருடை தைக்க வேண்டும், ஊர்வலத்தில் மஞ்சள் மேற்சட்டை போட்டுச் சந்திகளில் நின்று வழிகாட்ட வேண்டும். தண்ணீர்ப் போத்தல்களோடு வந்த அண்ணை பிறகு திரும்பிப் போகவேயில்லை.

அப்போது ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்தார்கள். ஸ்கீவவில் குழல் இருந்தது, டிரம் இல்லை. பிரெடெரிசியாவில் டிரம் இருந்தது, குழல் இல்லை. எல்லோரும் ஒரே சங்கமானோம். எந்த ஊரின் சீருடை என்று மூன்று கூட்டங்களில் சண்டை நடந்தது. "தொப்பி ஒரே நிறமாக இருக்கட்டும், சட்டை அவரவர் விருப்பம்" என்று அண்ணை தன் உடைந்த டேனிஷில் சொன்னார். சண்டை முடிந்தது. அவரையே செயலாளராக்கிவிட்டார்கள்.

ஒரு கோடை விழாவில் ஜெனி தலைமைக் கோல் பிடித்து முன்னே நடந்தாள். வழிகாட்டுவோர் பட்டியலில், நூலக மூலையில் நிற்க அண்ணையின் பெயர் போட்டிருந்தது. அன்று மழை, அங்கே தாழ்வாரத்தின் கீழ் உட்கார ஒரு வாங்கு இருந்தது; என் சந்தியில் ஒதுங்கவும் இடமில்லை.

"அண்ணை, கால் உளையுது. மாறி நிப்பமோ?" என்று கேட்டேன்.

"ஓம், அதுக்கென்ன."

அணி வந்தபோது, வலப்பக்கம் காட்ட வேண்டிய நான் இடப்பக்கம் காட்டினேன். கோல் பிடிப்பவர் முகத்தைத் திருப்பக்கூடாது. மழைத்தொப்பிக்குள் இருந்த என்னை அவள் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். கோல் இறங்கும்வரை வாசிப்பை நிறுத்தவும் கூடாது. முப்பது பிள்ளைகள் வாசித்தபடியே சுப்பர்மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்துக்குள் போய், தள்ளுவண்டிகளுக்கு முன்னால் நின்றார்கள். ஊரே சிரித்தது.

அடுத்த கூட்டத்தில் யார் பிழை என்று கேட்டார்கள். பதினாறு வயது ஜெனி எழுந்து, "என்னுடைய பிழை" என்றாள். கோலை மேசையில் வைத்துவிட்டுப் போனவள் பிறகு அணிக்கு வரவில்லை. அண்ணை என்னைப் பார்த்தார். நான் கோப்பிக் கோப்பையைப் பார்த்தேன்.

போன வருடம் அண்ணை சங்கத்தின் வரலாற்றை டேனிஷில், அகராதியோடு இருந்து எழுதினார். அந்த ஊர்வலம் வந்த பக்கத்தில் மூன்று வரி வெறுமையாக இருந்தது.

"இதென்ன அண்ணை?"

"நான் எழுதினால் அது கோள் சொல்லுறது, தங்கச்சி. நீங்கள் எழுதினால்தான் வரலாறு. ஆறுதலா எழுதுங்கோ."

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "வாற கிழமை எழுதுறன்" என்றேன். அந்தக் கிழமை வரவேயில்லை.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் ஜெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்ரியோ? லிஸ்ட்டில அப்பான்ர பேர்தானே இருந்தது. அப்பாவை எல்லாரும் பகிடி பண்ணுவினம் எண்டுதான் நான்…"

மகள் தகப்பனைக் காத்தாள். தகப்பன் என்னைக் காத்தார். நான் என்னை மட்டும் காத்துக்கொண்டேன். அந்த மூன்று வரியையும் அங்கேயே, வாசற்படியில் அமர்ந்து ஒரு தாளில் எழுதினேன்.

எங்கள் சங்கத்தில் ஒருவர் இறந்தால் குழல்களை வாசிப்பதில்லை. கையில் பிடித்தபடி நடப்பார்கள்; ஒரு டிரம் மட்டும் ஒலிக்கும். அன்று ஜெனி கோலை எடுத்தாள். நான் மஞ்சள் மேற்சட்டையைக் கேட்டு வாங்கி, அண்ணையை அடக்கம் செய்யும் சேமக்காலைக்குத் திரும்பும் மூலையில் நின்றேன். கிட்ட வந்ததும் அவள் விதியை மீறி, என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன்.

வலப்பக்கம்தான், அண்ணை. போயிட்டு வாங்கோ.