கறுப்பாக வந்த வெள்ளித் தகடு

2009-ஆம் ஆண்டில் நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவராக இருந்தேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பேருந்தில் போய் வந்தேன். நான் எடுத்துக் கொடுத்த அளவை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் அத்துறையில் இருக்கவில்லை. அதற்குத் தேவை இருப்பதாக யாரும் எண்ணவுமில்லை.

என் மனைவியின் தம்பி அங்கே விரிவுரையாளர். தகுதியால்தான் வந்தான், அவனைத் தேர்ந்தெடுத்த குழுவில் நான் அமரவில்லை. அவ்வாண்டு இருவரும் சேர்ந்து, ஒளியைத் திருப்பி அனுப்பாத உலோகப் பரப்பு ஒன்றைச் செய்ய முனைந்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் வெள்ளிப் பூச்சு. அதன் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய அடுக்கு. அதற்கும் மேல் மீண்டும் வெள்ளி, ஆனால் மிகச் சொற்பமாக. அந்தச் சொற்ப வெள்ளி படலமாகப் பரவாமல், கண்ணுக்குத் தெரியாத தீவுகளாகத் திரண்டு நிற்கும். விழும் ஒளியில் அத்தீவுகளின் எலெக்ட்ரான்கள் ஊசலாடும். கீழுள்ள வெள்ளியும் சேர்ந்து ஒளியைச் சிறைப்பிடிக்க, அது வெப்பமாகித் தீரும். பளபளக்க வேண்டிய உலோகம் கறுப்பாகத் தெரியும்.

பூச்சு முடிந்து, வெற்றிடக் கருவியின் கண்ணாடிக் கூண்டைத் தூக்கியபோது அவன்தான் முதலில் குனிந்து பார்த்தான்.

"மாமா, இது வெள்ளியா அடுப்புக்கரியா? என் மூஞ்சியே தெரியல பாருங்க."

தகடு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் நிறமாலைமானி அப்போது பழுதாகியிருந்தது. பொங்கல் விடுமுறை கழித்தே அளக்க முடியும் என்றார்கள். "இங்க பசங்க கை வச்சிடுவாங்க. உங்க வீட்டு பீரோவுல பத்திரமா வச்சிடுங்க மாமா" என்றவனும் அவன்தான். வைத்தேன். விடுமுறைக்குப் பின் அளந்தோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியைத் தகடு விழுங்கியிருந்தது.

வெளியூர் நிபுணர்கள் எங்கள் ஆய்வை மதிப்பிட வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லீவுல எங்க இருந்துச்சு?"

"கடலூரில், என் வீட்டில்."

"கடலோரம். எங்க வீட்டு வெள்ளி டம்ளரே சும்மா வச்சா கறுத்துப்போவுது சார்."

பக்கத்திலிருந்தவர் சேர்ந்துகொண்டார். "அப்படியே வீட்டு குத்துவிளக்கையும் எடுத்தாந்திருக்கலாம். அதுக்கும் ஒரு பேப்பர் போட்டுடலாம்."

சிரித்தார்கள். என் மாணவர்களும் சிரித்தார்கள். கூண்டிலிருந்து எடுத்த அந்த நொடியிலேயே தகடு கறுப்பாக இருந்தது என்றேன்; உடனிருந்து பார்த்தவன் இவன் என்று மச்சானைக் காட்டினேன்.

அவன் எழுந்து நின்றான். "கவனிக்கல சார். நான் பம்ப் பக்கம் இருந்தேன்."

மீண்டும் செய்து காட்ட அனுமதி கேட்டேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தேன். கருவியை வேறு பணிக்கு ஒதுக்கிவிட்டார்கள். தாழ்வாரத்தில் அவனை நிறுத்தி, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அவங்கெல்லாம் பெரிய ஆளுங்க மாமா. நீங்க ரிட்டையர் ஆயிடுவீங்க. நான் இன்னும் இருவது வருஷம் இங்கதான் குப்ப கொட்டணும்."

அன்றிரவு நான் உண்ணவில்லை. மனைவி தட்டை மூடி வைத்தாள். "உங்களுக்கு வேற தகடு கிடைக்கும். எனக்கு ஒரே தம்பி" என்றாள். அவளிடம் அதன்பின் இதைப் பேசியதில்லை.

2012-இல், ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் கல்லூரிக் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. மேடையில் அவன் பேசினான். அதே மூன்றடுக்கு, மேலே அதே தீவுகள். வெள்ளி இருந்த இடத்தில் மட்டும் தங்கம். தங்கம் காற்றில் கறுக்காது. ஆகவே யாரும் டம்ளர்களைப் பற்றிக் கேட்கவில்லை. இது நடக்கும் என்று நம்பாத ஒருவன் தங்கத்தை வாங்கிச் செய்து பார்த்திருக்கமாட்டான். முன்பு இங்கே வெள்ளியில் முயன்றார்கள், அது காற்றுப்பட்டுக் கறுத்து வீணாயிற்று என்றும் சொன்னான். கைதட்டினார்கள். துறையின் ஆண்டறிக்கையிலும் அப்படியே அச்சாயிற்று.

அது தவறு. என் தகடு காற்றுப்பட்டுக் கறுக்கவில்லை. கூண்டிலிருந்து எடுக்கும்போதே கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்தவர்கள் இருவர்.