பிள்ளையாருக்குப் போட்ட ஸ்க்ரூ

ஹெப்பகோடி இராஜமாணிக்கத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முதலாளியின் பழங்காலத்துக் காரை வாங்கியதே அதிலிருந்த ஏசிக்காகத்தான். மனைவி ரத்தினம்மாளுக்கு ஆஸ்துமா. ஓசூர் ரோட்டுப் புழுதியில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனால், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மூச்சு இழுத்துக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்குப் பிறகு ஏசி குளிரவே இல்லை. காஸ் அடித்தால் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மெக்கானிக்குகளைத் திட்டித் தீர்த்துவிட்டு, வீட்டு வாசலில் தானே பிரித்துப் போட்டார். குழாயில் காற்றை ஏற்றிக் காதை வைத்தபோது, டேஷ்போர்டில் பிள்ளையாருக்கு அடியிலிருந்து 'உஸ்' என்று சத்தம் வந்தது.

"எந்தக் கம்னாட்டிடா இவ்ளோ நீள ஸ்க்ரூ போட்டது?" என்று கத்தியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வெயிலில் பசை இளகிப் பிள்ளையார் அடிக்கடி விழுகிறாரே என்று பூஜையன்று முடுக்கியவர் அவர்தான். ஸ்க்ரூ நேராகக் கூலிங் காயிலைத் துளைத்திருந்தது. பற்றவைத்தால் பக்கத்தில் பிய்ந்தது. வேறு காயில் தேடி ஜே.சி. ரோட்டில் ஏறி இறங்காத உதிரிபாகக் கடையில்லை.

"சிகல்ல சார், இந்த வண்டிக்கு இனிமே கிடைக்காது" என்று எல்லாக் கடைக்காரர்களும் கையை விரித்தார்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகையில் ரத்தினம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். ஸ்பீட் பிரேக்கரில் வண்டி தூக்கிப் போட்டதில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

பிள்ளையார் மட்டும் அசையவில்லை.