பெருத்த கெண்டைக்கால்

என் மகனுக்கு ஆறு வயதிலேயே கெண்டைக்கால் இரண்டும் பெருத்துத் திரண்டிருந்தன. எங்கள் ஊரான வடக்குத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில்கூடப் போட்டார். "கபடி ஆடறவன் காலாட்டம் இருக்குதுய்யா" என்பார். எனக்குப் பெருமை. அதனால், அவன் அடிக்கடி விழுந்ததையும், தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுந்ததையும் சோம்பல் என்றே நினைத்தேன்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவனை ஏரிக்கரைக்கு அழைத்துப்போவேன். சரிவில் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். நான் கீழே நின்று எண்ணுவேன்.

"முடியலப்பா. காலு வலிக்குது."

"இவ்ளோ பெரிய கால வச்சிகினு வலிக்குதாம்! ஏறுடா. எறங்கறது சும்மாதான, அப்ப ரெஸ்ட் எடுத்துக்க."

ஒருநாள் என் மனைவி கரைக்கே வந்துவிட்டாள். "புள்ள அழுதுகினு இருக்கான், உனக்குக் கண்ணு தெரியல?" என்றாள். அன்றும் மீதி இரண்டு தடவையை முடிக்க வைத்துத்தான் விட்டேன்.

மறுவருடம் அவனால் பள்ளிக்கூடப் படியே ஏற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தசை நார் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய சவ்வு இருக்கிறதாம். அது கிழியாமல் உள்ளிருந்து தாங்கும் புரதம் இவன் உடம்பில் உண்டாகவே இல்லையாம். கிழிந்து அழிந்த தசையின் இடத்தில் கொழுப்பு சேர்ந்துதான் கால் பெருத்ததாம். நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆனால் சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டை இணைக்கிறவன். உள்ளே கம்பி இல்லாத ரப்பர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஏரிக்கரையைப் பற்றி அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தடுத்த முறைகளிலும் இல்லை. "இன்னிக்கி ஒண்ணு கேக்கணும்டா" என்று பஸ்ஸில் மகனிடம் சொல்வேன். உள்ளே போனால் கூச்சம், பயம்.

அவனுக்கு ஒன்பது வயதானபோது டாக்டரம்மாவிடம் அவனே ஆரம்பித்தான். "எங்கப்பா ஒண்ணு கேக்கணுமாம். கேக்காமயே திரும்பிடறாரு."

தலையைக் குனிந்துகொண்டு, ஏரிக்கரையில் அவனை ஏறி இறங்க வைத்ததைச் சொல்லி முடித்தேன்.

"நோய் உங்களால வரலீங்க. எப்படியும் வந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா அது வேண்டாத வேலைதான். ஏறும்போதவிட எறங்கும்போதுதான் சவ்வு அதிகமாக் கிழியும்."

மகனை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் காலை வைத்ததும் காதருகே அவன் சிரித்தான்.

"நீ எறங்குப்பா. இப்ப நான் எண்ணுறேன்."

பதினான்கு படிகள். ஒன்று விடாமல் எண்ணினான்.