லாரிக்காரரின் சிரிப்பு

வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். வைத்தவர் கணவர். காலையில் பல் துலக்கும்போதே ஒலிபரப்பு தொடங்கிவிடும். வாய் நிறைய நுரை இருந்தாலும் நிற்காது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். அடைக்கலம் கேட்டு வேற்று நாட்டிலிருந்து வருகிறவர்களை விசாரிக்கும் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர்! நாள் முழுக்கப் பேசலாம், சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. வந்தவர் "என்னை அடித்தார்கள்" என்றால் இவளும் "என்னை அடித்தார்கள்" என்றே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

"ஆபீஸ்ல அடக்கி வெச்சதையெல்லாம் வட்டியோட இங்க வந்து கொட்டுறா," என்பார் கணவர். ஆனாலும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதில்லை. நல்ல மனுஷர்.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம். வெறும் வார்த்தையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும் என்பாள். வந்தவர் கத்தினால் கத்துவாள், முனகினால் முனகுவாள். ஒருமுறை ஒரு பெரியவர் பேச்சுக்கு நடுவே இருமினார். இவளும் இருமினாள்.

"இருமலை விட்டுடலாம்மா, அது எனக்கே புரியுது," என்றார் விசாரணை அதிகாரி.

அவர் கெட்டவரில்லை. கழுத்துவரை கோப்புகள், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தான இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று நாடுகளெல்லாம் கூடிக் கையெழுத்துப் போட்டுத்தான் இருக்கின்றன. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! வந்தவர் சொல்வது மெய்யா பொய்யா என்று தீர்மானிக்கிற பூசாரி இவர்தான். கண்ணீர் விட்டால் நடிப்போ என்று சந்தேகம், விடாவிட்டால் கதையோ என்று சந்தேகம். அகப்பட்டவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்றைக்கு வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். ஊர்வலத்தில் குண்டடி பட்டவர்களைத் தன் லாரியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்ததுதான் அவர் செய்த குற்றம். அதற்காகச் சிறை. எப்படியோ தப்பி வந்துவிட்டார். திருப்பி அனுப்பினால் விமானத்தை விட்டு இறங்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். இத்தனையையும் மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணைக் கட்டிட்டாங்க. எத்தனை பேர் அடிச்சாங்கன்னு தெரியல," என்றுவிட்டு ஹஹ்ஹா என்றார்.

அவள் விடுவாளா? வார்த்தைகளைச் சொல்லி, கடைசியில் ஒரு ஹஹ்ஹாவும் சேர்த்தாள். அதிகாரியின் பேனா நின்றது.

"இப்பச் சிரிச்சது யாரு?"

"அவர் சிரிச்சார். நான் சொன்னேன், ஐயா."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? கேளுங்க. சரியான பதில் இல்லேன்னா, இவர் சொல்றது நம்புற மாதிரி இல்லைன்னுதான் நான் எழுதணும்."

அவளுக்கு நாக்கு துடித்தது. 'பயத்திலயும் மனுஷன் சிரிப்பான் ஐயா, என் வீட்டுக்காரர் எங்க கல்யாணத்தன்னைக்கு நாள் பூராவும் சிரிச்சார்' என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. விதி இடம் கொடுக்காதே! கேள்வியை மட்டும் கேட்டாள்.

ஓட்டுநர் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"உள்ள யாராவது அழுற சத்தம் கேட்டா, உடனே கதவு திறக்கும். அழுதவனை இழுத்துட்டுப் போவாங்க. சிரிச்சா, இவன் பைத்தியம்னு விட்டுடுவாங்க. அதனால சிரிச்சேன். இப்ப நிறுத்தணும்னு பார்க்கிறேன், முடியல." மறுபடியும் ஹஹ்ஹா.

அவள் வார்த்தைகளைச் சொல்லி முடித்தாள். சிரிப்பு மட்டும் வரவில்லை. வாயைத் திறந்து பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"கடைசியில சிரிச்சாரே, அதை விட்டுட்டீங்க," என்றார் அதிகாரி.

"தெரியுது ஐயா. எனக்கு வரல."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அதுவரை எழுதியதில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்கிற உரிமை அவளுக்கு இல்லை.

அன்று மாலை வானொலி ஊமையாகிவிட்டது. "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று கணவர் பயந்தே போனார். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் விதி. அந்த மனிதரை அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தைத் தனியாகவே மென்று விழுங்கினாள்.

தீர்ப்பு சொல்லும் நாளிலும் அதே மூவர். அதிகாரி படித்தார். அவள் சொன்னாள்: "நீங்க இங்கேயே இருக்கலாம். யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

ஓட்டுநர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்தார். பிறகு ரகசியம்போல ஒரு கேள்வி கேட்டார். அவள் அதே தாழ்ந்த குரலில், அதே நடுக்கத்தோடு அதிகாரியிடம் சொன்னாள்.

"ஐயா, இங்க நான் அழலாமா?"

அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஓட்டுநர் மேஜையில் கவிழ்ந்து, கட்டடமே கேட்கும்படி அழுதார். சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. அவர் பதறி எழுந்து, முகத்தை மறைத்துக்கொண்டார். பக்கத்து அறையில் வேலை பார்க்கும் பெண், ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.