கதிரைக்குக் கீழே பார்த்த கிளாக்கர்

கிளாக்கர் கந்தவனம் போய்விட்டாராம். இப்பதான் என் மகள் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டாள்...

தொண்ணூற்று மூன்று வயது. நித்திரையிலேயே போயிருக்கிறார்.

எங்கள் ஒழுங்கைச் சனத்தில் மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு பேருக்கு இந்தப் பெயரைக் கேட்டால் இப்பவும் முகம் சுளிக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒன்றிரண்டு வருசமில்லை, அறுபத்தாறு வருசம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு எங்கள் பட்டின சபை சந்தைக்குப் பின்னால் நாலு கல்வீடு கட்டியது. எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கின பாதையின் இரு பக்கமும், இருந்ததோ எட்டுக் குடிசை. யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க ஒரு வீட்டுக் கொமிற்றி வைத்தார்கள்.

அந்தக் கொமிற்றிக்குக் கிளாக்கர்தான் இவர். இருபத்து மூன்று வயது, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, கக்கத்தில் ஒரு கொப்பி.

எனக்கு அப்ப பதினெட்டு. அப்பா இல்லை. அக்கா நிறைமாதம். முதல் மழைக்கே ஒழுகுகிற கூரை... மாரிக்கு முன் அந்தக் கல்வீடு கிடைக்காவிட்டால் பச்சைப் பிள்ளையை எங்கே கிடத்துவது என்பதுதான் வீட்டில் ஒரே கதை.

கொமிற்றி வருகிறது என்றதும் நாங்கள் செய்த வேலையைக் கேளுங்கள். இல்லாமையைக் காட்டவேண்டிய நாளில் இரவல் கதிரை தேடினோம்! “பெரிய மனுசர் வருகினம், நிலத்திலையோ இருத்துறது?” என்றா அம்மா.

ஒழுங்கையில் கதிரை இருந்தது பாக்கியமக்கா வீட்டில் மட்டும். நாலே நாலு. புருசன் மலாயாவில் இருந்து அனுப்பின காசில் செய்வித்தது. சண்டையோடு காசும் நின்றது, கடிதமும் நின்றது. அவவின் குடிசை எங்களுடையதை விட மோசம்.

கொமிற்றி ஒரு வீட்டுப் படலையால் வெளியே வர, கதிரைகள் வேலியில் பிரித்த பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நானும் பாக்கியமக்காவும்தான் தூக்கினோம்... சிரிப்பை அடக்கமுடியாமல்.

“இந்த ஒழுங்கைக்கு ஒரே தச்சன்தானோ?” என்று கேட்டுக்கொண்டே கொமிற்றித் தலைவர் எங்கள் வீட்டிலும் அதே கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார்.

கிளாக்கர் கதிரையில் இருக்கவில்லை. தேத்தண்ணியும் தொடவில்லை. தலைவர் எழும்பி வெளியே போனதும் ஒரு கதிரையைச் சரித்துக் கீழே பார்த்தார்.

இரவல் போகிற சாமானுக்கெல்லாம் பெயர் போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கதிரைக்குக் கீழே தாரால் ‘பாக்கியம்’ என்று எழுதியிருந்தது. பார்த்தார். கொப்பியில் ஏதோ கிறுக்கினார்.

“உவன் சரியான கள்ளன். என்னவோ எழுதிப்போட்டான்,” என்றா அம்மா.

அதைவிட மோசம், தலைவர் படலையடியில் சொன்னது. “இவை வசதியாய்த்தானே இருக்கினம்...” அன்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு கிழமையில் சபைக் கந்தோர்ச் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். நாலாவது பெயர் எங்கள் அம்மாவுடையது! பாக்கியமக்காவின் பெயர் இல்லை.

கேட்கப் போனவவைத் தலைவர், “சொந்தமாய்க் கதிரை வைச்சிருக்கிற ஆளுக்கு வீடு என்னத்துக்கு?” என்று அனுப்பிவிட்டாராம்.

கதிரைக்குக் கீழே பார்த்தவன் ஒருவன்தானே. வேறு யாரைச் சந்தேகிப்பது? அதற்குப் பிறகு அவருடைய சைக்கிளைக் கண்டால் ஒழுங்கையில் படலைகள் சாத்தும். முதலில் சாத்துவது எங்கள் அம்மா.

நாங்கள் வீடு மாறின அன்று எங்கள் றங்குப்பெட்டியை வண்டில்வரை தூக்கி வந்தது பாக்கியமக்காதான். அம்மா அவவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. கவலையாக்கும் என்று நினைத்தேன்...

அக்காவின் மகன் கல்வீட்டில் பிறந்தான். அதே மாரியில் பாக்கியமக்காவின் சுவர் விழுந்தது. கதிரைகளை வண்டிலில் ஏற்றிக்கொண்டு நீர்வேலியில் தமையன் வீட்டுக்குப் போனவ, திரும்பி வரவில்லை.

கூரை ஒழுகுதோ என்று பார்க்கக் கிளாக்கர் ஒரு நாள் புது வீட்டுக்கு வந்தார். “ஒண்டும் ஒழுகேல்லை, நீர் போம்,” என்று அம்மா படலைக்கு உள்ளே நின்றே அனுப்பிவிட்டா. கைலஞ்சமாய் வாழைக்குலை கேட்கத்தான் வந்திருப்பான் என்று நானும் நினைத்தேன்.

நாலு வருசத்துக்கு முன் சுன்னாகத்தில் ஒரு கலியாண வீடு. பக்கத்துக் கதிரையில் அவர்! எனக்குக் கோபம் ஆறவில்லை. நேரேயே கேட்டேன். “பாக்கியமக்காவை ஏன் காட்டிக் குடுத்தனீங்கள்?”

“நான் காட்டிக் குடுக்கேல்லை, தங்கச்சி. ‘கதிரை இரவல்’ எண்டு மட்டும்தான் எழுதினனான். எல்லா வீட்டுக்கும் அப்பிடித்தான். ஆற்றை எண்டு எழுதேல்லை.”

“அப்ப ஆர் சொன்னது?”

கதிரையை என் பக்கம் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த நாள் காலமை உங்கடை அம்மா கந்தோருக்கு வந்தவா. கதிரை எங்கடை இல்லை, பாக்கியத்தின்ரை எண்டு தலைவரிட்டைச் சொன்னவா... அவ வந்திருக்கத் தேவையில்லை. உங்களுக்கு வீடு கிடைக்க நான் எழுதினதே காணும்.”

“இவ்வளவு காலமும் ஏன் வாய் திறக்கேல்லை?”

“அப்ப சொல்லியிருந்தால் ஒழுங்கை உங்களுக்கெல்லோ படலை சாத்தியிருக்கும். உங்கடை அக்கா பிள்ளைத்தாய்ச்சி எல்லோ,” என்றார்.

பழியைச் செத்துப்போன அம்மா மேல் போட்டுத் தப்பப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீடு வரும்வரை அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்த றங்குப்பெட்டியும், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதும் நினைவுக்கு வந்தது.

அம்மாவைக் கோபிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பாக்கியமக்காவை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போயிட்டு வாங்கோ, கிளாக்கரையா. அந்தக் கல்வீட்டில் ஒரு நாளாவது உங்களை உள்ளே கூப்பிட்டு, இருங்கோ என்று நாங்கள் சொல்லவில்லை.